கோடைக்காலத்தில் கட்டுத்தறிப் பிராணிகளின் பாதுகாப்பு

சித்திரை மாதக் கடைசியில் அக்கினி நட்சத்திரம் தொடங்கியதும் வெயிலின் கடுமையைப் பற்றிப் பேசாத குடியானவர் இல்லை. ஆனால் அவ்வெயிலில் ஒரு மாடோ வீட்டு நாயோ மாண்டுபோகுமாயின், பல சமயங்களில் அதற்குக் காரணம் வெயில் மட்டுமன்று. கழுத்திலுள்ள கயிறும் ஆகும். காலை 8 மணிக்கு வேப்பமரத்தின் மேல்புறத்தில் நல்ல நிழல் பார்த்து ஒரு கன்று கட்டப்படுகிறது. கட்டியவர் கழனிக்குப் போய்விடுகிறார். உச்சி திரும்பியதும் நிழல் கீழ்ப்புறம் சென்றுவிடுகிறது. முளையோ அடித்த இடத்திலேயே நிற்கிறது. அவிழ்த்துவிட்ட பிராணி தானே நிழல் தேடிப் படுத்துக்கொள்ளும். கட்டப்பட்டதற்கு அது இயலாது. ஆகையால் பிற்பகல் 3 மணிக்கு நிழல் எங்கே விழும் என்பதைக் கருதியே காலையில் முளை அடித்தல் வேண்டும். இளவெயில் சிறிது படுவதனால் குற்றமில்லை. தகரக் கொட்டகையில் கட்டுவோர் அதன்மேல் தென்னங்கீற்றுப் பரப்பிப் பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடுதல் நலம்.

எல்லாப் பிராணிகளும் மனிதரைப் போல வியர்த்துக் குளிர்வதில்லை. நாய்க்கு உள்ளங்கால்களில் மட்டுமே சிறிது வியர்வை உண்டு. நாக்கை நீட்டி இரைப்பதே அது தன் சரீரத்தைக் குளிர்விக்கும் வழியாகும். சப்பை மூக்குள்ள சீமை நாய்களுக்கு அவ்வழியும் குறுகியதாதலால் அவற்றை நண்பகலில் வெளியே கொண்டுசெல்வது தகாது. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் பசுவுக்கு உள்ளவற்றிலும் குறைவு. அதன் கறுத்த தோலோ வெப்பத்தை மிகுதியாக வாங்கிக்கொள்வது. எருமை குட்டையில் கிடப்பதைச் சோம்பலென்று சிலர் நகைப்பதுண்டு. உண்மையில் அது அதன் வைத்தியம். குட்டை வற்றிய ஊர்களில் நாளொன்றுக்கு 2 அல்லது 3 முறை உடல் முழுவதும் நனையத் தண்ணீர் ஊற்றவேண்டும். இதைச் செய்யாவிடில் பால் குறைவதோடு, பருவத்துக்கு வந்த அறிகுறியும் வெளிப்படத் தோன்றாமல், அடுத்த ஈற்று தள்ளிப்போகும்.

திமிலுள்ள நாட்டு மாடுகள் சீமைக் கலப்பு மாடுகளைவிட வெயிலைத் தாங்கும். எனினும் ஏரும் வண்டியும் காலை 10 மணிக்குமுன் நிற்கவேண்டும். மாலை 4 மணிக்குமேல் மறுபடி பூட்டலாம். கறவை மாடு கோடையில் நாளொன்றுக்கு 60 லிட்டருக்கு மேலும் தண்ணீர் குடிக்கக்கூடும். வெயிலில் சூடேறிய தொட்டி நீரை அது விரும்பிக் குடிக்காதாகையால் தொட்டிக்கும் பந்தல் வேண்டும். நாய்க்கு அலுமினியத் தட்டைவிட மண்சட்டியே மேல்.

நாயின் இயல்பான உஷ்ணம் 101 முதல் 102½ டிகிரி பாரன்ஹீட். மாட்டுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. அது 104 டிகிரியைத் தாண்டி, வாய் திறந்து இரைத்து, எச்சில் கயிறுபோல ஒழுகி, நடை தள்ளாடினால் அபாயம். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும். ஈரச்சாக்கைப் போர்த்தி அப்படியே விட்டுவிடுவது வெப்பத்தை உள்ளேயே நிறுத்தும். நினைவுடன் இருந்தால் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்கலாம். விழுந்து கிடக்கும் காளையின் வாயில் மூங்கில் குழாயால் நீர் புகட்டும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அந்நீர் நுரையீரலில் இறங்கிக் காளையைக் கொன்றுவிடும். பிராணி எழுந்து நின்றாலும் கால்நடை வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இவ்விடத்தில் கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வெயிலால் இரைத்துத் தள்ளாடும் நாயை வெறிநாய் என்று தடியால் அடித்துக் கொல்லுகிறார்கள். வெயிலால் வெறி உண்டாவதில்லை. அது வெறி கொண்ட பிராணியின் கடியால் பரவும் விஷக்கிருமி நோய். எனினும் எச்சில் ஒழுகும் நாய் எந்நோயுடையது என்று பார்வையால் துணிவதும் ஆகாது. அறியாத நாயைக் கையால் தொடாமல், தூரத்திலிருந்து தண்ணீர் ஊற்றி, குழந்தைகளை விலக்கி, கால்நடை வைத்தியருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். எவரையேனும் கடித்திருந்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போட்டிருந்தால் சந்தேகமும் பெரிதும் குறையும்.

கோடை இடியும் திருவிழா வாணமும் வேறொரு தொல்லை. மிரண்ட நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும். மிரண்ட மாடு சுருக்குக் கயிற்றில் கழுத்து நெரிபட்டுச் சாவதும் உண்டு. அவ்விரவுகளில் நாயை உள்ளறையில் விட்டுப் பழகியவர் ஒருவர் அருகிலிருக்கலாம். மாட்டுக்குச் சுருக்கு நீக்கி, இறுகாத முடிச்சுப் போடவேண்டும். வாணம் விடும் இடத்தைத் தொழுவங்களுக்கும் வைக்கோற்போர்களுக்கும் எட்ட அமைக்கும்படி கோயில் நிர்வாகிகளிடம் முன்னதாகவே பேசிவைப்பது ஊராட்சியாருக்கு எளிது.