தொட்டிக்குள் ஒரு படகுப் பாடம்

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவர்)

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பர் பெரியோர். காலை விடாமல் ஆழத்தை அறிவது எங்ஙனம்? இதற்கு விடை சொன்னது எங்கள் கொல்லையில் உள்ள சிமெண்டுத் தொட்டி.

என் ஊர் கொடைக்கானல் நாயுடுபுரம். மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் உருவாக்கியது எங்கள் ஏரி. முதல் படகை அவர் தூத்துக்குடியிலிருந்து தருவித்தார் என்பர். 1890-இல் படகுக் குழாமும் தோன்றியது. இத்தனை இருந்தும் எங்கள் தெருப் பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது. பள்ளி நாளில் காட்டு மடு ஒன்றில் என் வகுப்புத் தோழன் மூழ்கினான். கரையில் நின்ற நாங்கள் ஐவரும் கூச்சலிட்டோம். இறங்கத் தெரிந்தவர் ஒருவருமில்லை. அதன்பின் நீரைக் கண்டாலே எனக்கு நடுக்கம்.

கேரளத்தில் படகுப் பயிற்சியாளராக இருந்த என் சித்தப்பா, பழைய கயாக் படகு ஒன்றுடன் ஊர் திரும்பினார். கேரட் பாத்திக்கு நீர் தேக்கும் எங்கள் தொட்டி 20 அடி நீளம், 12 அடி அகலம், 5 அடி ஆழம். ஏறத்தாழ 34,000 லிட்டர் கொள்ளும். “இது போதும்” என்றார் அவர்.

கயாக் என்பது யாது?

வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள் கடல்நாய்த் தோலைச் சட்டத்தின்மேல் போர்த்தி அமைத்த வேட்டைப் படகே கயாக். மேற்புறம் மூடியிருக்கும், துடுப்பின் இரு முனையிலும் அலகு உண்டு. ஒகேனக்கல் பரிசல் அகலமானது, எளிதில் கவிழாது. கயாக்கோ ஒடுங்கியது, விரைந்து செல்லும், விரைந்து கவிழும். ஆகவே கவிழ்ந்த படகை உள்ளிருந்தபடியே நிமிர்த்தும் கலையை அம்மக்கள் கண்டனர். ஆஸ்திரியரான பவ்லாட்டா அக்கலையைப் பற்றி நூல்களில் படித்தே 1927-இல் கற்றுக்கொண்டார் என்பது நம் போன்ற மாணவர்க்கு ஊக்கம் தரும் செய்தி.

மூன்று பயிற்சிகள்

முதலாவது, வெளியேறுதல். கவிழ்ந்ததும் முன்னே குனிந்து, இடுப்பைச் சுற்றிய நீர்த்தடுப்புத் துணியின் வாரை இழுத்து, விளிம்பில் கையூன்றிக் கால்களை உருவ வேண்டும். முதல் நாள் நான் வாரை மறந்து மேலே வர முண்டினேன். மூக்கில் நீர் ஏறியது. தோழனின் முகம் தோன்றியது. மார்பளவு நீரில் நின்ற சித்தப்பா படகை நிமிர்த்தினார். “அவசரப்படாதேடா, மூன்று எண்ணு” என்றார். மறுமுறை எண்ணினேன், வெளியே வந்தேன்.

இரண்டாவது, இடுப்பு அசைவு. தொட்டியின் விளிம்பைப் பற்றிப் பக்கவாட்டில் சாய்ந்து, இடுப்பாலும் முழங்காலாலும் படகைத் திருப்ப வேண்டும். தலை கடைசியில்தான் எழ வேண்டும். நம் தலை 4 முதல் 5 கிலோ எடையுள்ளது. நீருக்குள் இருக்கும்வரை மிதப்பு விசை அதைத் தாங்கும். முதலில் தூக்கினால் அப்பாரம் முழுவதும் படகை மீண்டும் கவிழ்க்கும். வகுப்பில் எழுதிய ஆர்க்கிமிடீஸ் தத்துவம் அன்றுதான் என் கழுத்துக்குப் புரிந்தது.

மூன்றாவது, துடுப்பு வலித்தல். 20 அடியில் எங்கே செல்வது? படகின் பின்முனையைச் சைக்கிள் டியூபால் சுவரில் கட்டினோம். எவ்வளவு வலித்தாலும் படகு நகராது. கை மட்டும் பழகும்.

தொட்டி ஏரியன்று

தொட்டியில் காற்றில்லை, அலையில்லை, நீர்க்கொடியில்லை. குளிரும் பெரும் பகை. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதில் வெப்பத்தைக் கடத்தும்; குளிர்நீரில் மூச்சு திணறும். எனவே மிதவைச் சட்டை, உடன் ஒருவர், உரிய அனுமதி ஆகியவை இன்றி எவரும் ஏரியில் இறங்கலாகாது. தொட்டியிலும் தனியே பயிலக் கூடாது.

நான்கு மாதங்களில் நீச்சலும் கற்றேன். இப்போது ஞாயிறுதோறும் தெருப் பிள்ளைகள் மூவர் வருகின்றனர். அவர்களுக்கு முதலில் மூன்று எண்ணத்தான் கற்றுத்தருகிறோம்.

“தொட்டிக்குள்ளே ஓடம் விட்டு எந்த ஊருக்குப்பா போகப் போறே?” என்று பாட்டி கேட்பார். எந்த ஊருக்கும் அன்று பாட்டி. கரைக்குத் திரும்பி வருவதற்கே.