பட்டையா, மாத்திரையா?

“மாத்திரையில் உள்ள மருந்தைத்தான் பட்டையில் தடவித் தருகிறார்கள்.” பார்கின்சன் நோய் எனும் நடுக்குவாதத்தைப் பற்றிய நம்பிக்கைகளில் மற்ற குழப்பங்களுக்கெல்லாம் தாயாக இருப்பது இதுதான். இந்நோய்க்கான முதன்மை மாத்திரை லெவோடோபா. மூளைக்குள் போய் அது டோபமைனாக மாறுகிறது. தோலில் ஒட்டும் பட்டையில் இருப்பதோ ரோடிகோடின் என்ற வேறு மருந்து. அது டோபமைனாக மாறுவதில்லை. டோபமைன் சென்று அமர வேண்டிய ஏற்பிகளில் தானே அமர்ந்து அதன் வேலையைச் செய்கிறது. லெவோடோபா நாளுக்குச் சில நூறு மில்லிகிராம் தேவைப்படும். அவ்வளவும் ஒரு பட்டையிலிருந்து தோல் வழியே புகாது. ரோடிகோடினுக்குச் சில மில்லிகிராம் போதும். ஆனால் விழுங்கினால் ரத்தத்தில் கலப்பதற்கு முன்பே பெரும்பகுதி சிதைந்துவிடுவதால் அதை மாத்திரையாகத் தர வழியில்லை. எனவே பட்டையை ஒப்பிடுவதென்றால் அதே வகையைச் சேர்ந்த பிராமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகளோடு ஒப்பிடுவதே நியாயம்.

“பட்டை புதியது, ஆகவே வீரியம் கூடியது” என்பதும் சரியல்ல. அசைவுக் குறைபாட்டைச் சீராக்குவதில் லெவோடோபாவை இன்றும் எதுவும் மிஞ்சவில்லை. பிரிட்டனில் 1,600க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2014இல் வெளியான ‘பி.டி. மெட்’ ஆய்வில், லெவோடோபாவில் சிகிச்சையைத் தொடங்கியவர்களின் நடமாட்டம் மற்றவர்களைவிடச் சற்று மேலாகவே இருந்தது. பட்டை அப்படியொன்றும் புதியதும் அல்ல. அமெரிக்காவில் 2007இல் அனுமதி பெற்று, பட்டையிலேயே மருந்து படிகமாக உறைந்ததால் 2008இல் திரும்பப் பெறப்பட்டு, தயாரிப்பு முறை மாற்றப்பட்டு 2012இல் மறுபடி விற்பனைக்கு வந்தது.

பட்டையின் பலம் வீரியத்தில் இல்லை, சீரான அளவில் இருக்கிறது. லெவோடோபா ரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நோய் முற்ற முற்ற அடுத்த வேளை வருவதற்குள் உடல் இறுகத் தொடங்கும். விடியற்காலை 5 மணிக்குக் கழிப்பறைக்குப் போக எழ வேண்டும்; போர்வைக்குள் புரண்டு படுக்கவும் முடிவதில்லை. மாத்திரையை விழுங்கினாலும் அது வேலை செய்ய அரை மணியோ அதற்கு மேலோ ஆகும். முட்டையோ பருப்போ சாப்பிட்ட வேளையில் அவற்றின் புரதமும் லெவோடோபாவும் ஒரே வாசலில் முட்டி மோதுவதால் இன்னும் தாமதமாகலாம். 24 மணி நேரமும் மருந்தைக் கசியவிடும் பட்டைக்கு இரைப்பையின் மந்தமோ சாப்பாட்டு வேளையோ பொருட்டல்ல. விழுங்க முடியாதவர்களுக்கும், அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருப்பவர்களுக்கும் இது கைகொடுக்கும். பலர் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். ஒன்றை வைத்தால் மற்றதை விட்டுவிட வேண்டும் என்பதில்லை.

“வயிற்றுக்குப் போகாத மருந்துக்குப் பக்கவிளைவு கிடையாது” என்பதுதான் இவற்றில் ஆபத்தான நம்பிக்கை. இம்மருந்தால் வரும் குமட்டல் வயிற்றில் தொடங்குவதில்லை. மூளையின் வாந்தி மையம் தூண்டப்படுவதால் வருகிறது. அங்கே மருந்து எந்த வழியில் வந்தாலும் ஒன்றுதான். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிவது, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவது, முதியவர்களுக்கு இல்லாத உருவங்கள் தெரிவது எல்லாம் பட்டையிலும் உண்டு. சூதாட்டம், கண்மூடித்தனமாகப் பொருள் வாங்குவது, அடங்காத பாலுணர்வு ஆகியவையும் ஏற்படலாம். நோயாளி இவற்றைத் தானாக வாய்விட்டுச் சொல்வது அரிது. வீட்டார் கவனித்து மருத்துவரிடம் சொன்னால்தான் உண்டு.

இதற்கு மேல் பட்டைக்கே உரிய தொல்லைகளும் இருக்கின்றன. ஒட்டிய இடம் சிவந்து அரிக்கும். ஒருமுறை ஒட்டிய இடத்தில் 14 நாளைக்கு மறுபடி ஒட்டக்கூடாது. வெந்நீர்ப் பையோ நேர்வெயிலோ பட்டது என்றால் மருந்து அளவுக்கு மீறி உடலுக்குள் போகலாம். பின்புறப் படலத்தில் அலுமினியம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் உரித்துவிட வேண்டும். அளவைக் குறைக்க விரும்பிப் பட்டையைக் கத்தரிப்பதும் தவறு, திடீரென நிறுத்துவதும் தவறு. சட்டென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வரக்கூடும். மருத்துவர் சொல்லும் படிகளில்தான் குறைக்க வேண்டும்.

பார்கின்சன் நோயாளியின் தோளில் உள்ள பட்டை எல்லாம் ரோடிகோடின்தான் என்றும் கொள்ள முடியாது. நோயோடு மறதி சேர்ந்தவர்களுக்குத் தரப்படும் ரிவாஸ்டிக்மினும் பட்டையாக வருகிறது. அது நினைவாற்றலுக்கானது, உடல் இறுக்கத்தைத் தளர்த்தாது.

ஒரு நாள் ஒட்டி எடுத்த பட்டை வெறும் சக்கையும் அல்ல. 24 மணி நேரத்தில் 2 மில்லிகிராம் தரும் ரோடிகோடின் பட்டையில் இருப்பது 4.5 மில்லிகிராம், உரிக்கும்போது பாதிக்கு மேல் அதிலேயே தங்கியிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்திவிட்டுக் கையைக் கழுவ வேண்டும்.