ஹெட்போன் ஒலி: கூட்டினால் இனிக்குமா?

லினக்ஸ் கணினியில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறைகள் மூன்று: பேஸ் ஏற்றினால் கரகரக்கிறது, ஒரு மணி நேரத்தில் காது களைத்துவிடுகிறது, பழைய பாட்டில் பாடகர் ஒரு காதில் மட்டும் பாடுகிறார். உடனே புது ஹெட்போன் வாங்கலாமா என்று யோசிக்கிறோம். பெரும்பாலும் அந்தச் செலவு தேவையில்லை. ஒலியின் பட்டைகளை ஏற்றி இறக்கும் ஈக்வலைசரும், இரு பக்க ஒலியைச் சற்றே கலக்கும் கிராஸ்ஃபீடும் சரியாக அமைந்தால் மூன்றுமே வெகுவாகக் குறையும். குறுக்கே நிற்பவை சில நம்பிக்கைகள்.

நம்பிக்கை 1: லினக்ஸில் உருப்படியான ஈக்வலைசர் கிடையாது.

உண்மை: பல்ஸ்ஆடியோ என்ற பழைய ஒலி அமைப்பின் காலத்தில் இதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது உண்மைதான். விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. 2021 ஏப்ரலில் வெளியான ஃபெடோரா 34-உம் 2022 அக்டோபரில் வெளியான உபுண்டு 22.10-உம் அதையே இயல்பான ஒலி அமைப்பாக ஏற்றுக்கொண்டன. அதன்மேல் ஈஸிஎஃபெக்ட்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் போதும். 32 பட்டை வரையிலான ஈக்வலைசர், கிராஸ்ஃபீட், லிமிட்டர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பிரவுசரோ பிளேயரோ, எதிலிருந்து வரும் ஒலியும் அதன் வழியாகவே போகும். ஜன்னலை மூடியதும் மாற்றங்கள் மறைந்துவிட்டால், பின்னணியில் தொடர்ந்து இயங்கும்படி அமைப்புகளில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். பிளேயருக்கென்று தனி ஈக்வலைசர் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ஒரே ஒலியை இரண்டு இடத்தில் திருத்தக் கூடாது.

நம்பிக்கை 2: பேஸ் வேண்டுமென்றால் பேஸை ஏற்ற வேண்டும்.

உண்மை: டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு 0 டெசிபல் என்று பெயர். இன்றைய பாடல்கள் பெரும்பாலும் அந்த வரம்பைத் தொடும் அளவுக்குச் சத்தமாகவே வெளியாகின்றன. அதற்குமேல் 6 டெசிபல் ஏற்றினால் அலையின் உயரம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. வரம்பைத் தாண்டிய பகுதி அப்படியே வெட்டுப்படுகிறது. நாம் கேட்கும் கரகரப்பு அந்த வெட்டுத்தான்.

ஒருமுறை மிருதங்கத் தனியாவர்த்தனம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி கனமாக ஒலிக்க வேண்டும் என்று 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 8 டெசிபல் ஏற்றினேன். ஒவ்வொரு கும்காரமும் கிழிந்த காகிதம்போல் வந்தது. ஹெட்போன் பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு ஈக்வலைசருக்கு முன்னால் உள்ள ப்ரீஆம்ப் அளவை 8 டெசிபல் இறக்கிவிட்டு, வால்யூமைக் கூட்டிக் கேட்டேன். கிழிசல் போயிற்று; தொப்பியின் கனம் அப்படியே நின்றது. கணக்கு இவ்வளவுதான்: எந்தப் பட்டையில் அதிகமாக ஏற்றியிருக்கிறீர்களோ, குறைந்தது அந்த அளவுக்கு ப்ரீஆம்பை இறக்குங்கள். அதைவிட நல்ல வழி, துருத்தி நிற்கும் பட்டையைக் குறைப்பது.

நம்பிக்கை 3: மாற்றியதும் நன்றாகக் கேட்டால் மாற்றம் சரி.

உண்மை: நம்மை அதிகம் ஏமாற்றுவது சத்தம். ஒலி கூடும்போது காதுக்குக் கீழ்ச்சுரங்கள் தெளிவாகத் தெரிகின்றன. குறையும்போது பேஸ்தான் முதலில் மங்குகிறது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். ஆகவே ஈக்வலைசரை இயக்கியும் அணைத்தும் ஒப்பிடுமுன், இரண்டு நிலையிலும் ஒரே சத்தம் வரும்படி அளவைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் பிடித்திருந்தால் அந்த மாற்றத்தை நம்பலாம்.

நம்பிக்கை 4: கிராஸ்ஃபீட் என்பது எதிரொலி சேர்க்கும் சினிமா எஃபெக்ட்.

உண்மை: ஸ்பீக்கரில் கேட்கும்போது இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் போகிறது, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதத்தோடு. குறுக்கே தலை இருப்பதால் அதன் உச்ச ஒலிகள் மழுங்கிவிடுகின்றன. ஹெட்போனில் இந்தக் கலப்பு நடப்பதே இல்லை. பீட்டில்ஸின் 1963 பாடல்களில் பெரும்பாலானவை இரண்டே தடங்களில் பதிவானவை. ஸ்டீரியோ வடிவில் குரல் ஒரு பக்கம், வாத்தியம் மறுபக்கம். ஸ்பீக்கரில் உறுத்தாத இந்தப் பிரிப்பு ஹெட்போனில் தலையை இரண்டாகப் பிளக்கிறது.

ஒரு பக்கத்து ஒலியின் கீழ்ப்பகுதியை மட்டும் சற்றுக் குறைத்து, சற்றே தாமதித்து, மறுபக்கத்தில் கலப்பதுதான் கிராஸ்ஃபீட். பெஞ்சமின் பாவர் 1961-இல் முன்வைத்த யோசனை இது. ஈஸிஎஃபெக்ட்ஸில் உள்ள கிராஸ்ஃபீடும் அவர் பெயரைத் தாங்கிய நிரலையே பயன்படுத்துகிறது. அதன் இயல்பு அளவு 700 ஹெர்ட்ஸ், 4.5 டெசிபல். இங்கே பலர் தடுமாறுகிறார்கள்: டெசிபல் எண் ஏற ஏறக் கலப்பு குறையும். ஜான் மெயர் பெயரில் தயாராக உள்ள அளவு 650 ஹெர்ட்ஸ், 9.5 டெசிபல்; தயார் அளவுகளில் மென்மையானது அதுதான். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதையே சொல்வேன்.

எல்லாவற்றுக்கும் இது வேண்டாம். மோனோவில் பதிவான பாடல்களில் இரு பக்கமும் ஒன்றே என்பதால் பிரிப்பதற்கோ கலப்பதற்கோ எதுவும் இல்லை. செயற்கைத் தலையில் மைக் வைத்துப் பதிவுசெய்த பைனாரல் ஒலியில் இந்தக் கலப்பு ஏற்கெனவே இருக்கிறது; மறுபடி கலந்தால் கெடும்.

நம்பிக்கை 5: அளந்து தந்த எண்களைப் போட்டால் வேலை முடிந்தது.

உண்மை: யாக்கோ பசானெனின் ஆட்டோஈக்யூ திட்டம் ஏராளமான ஹெட்போன்களுக்குத் திருத்த எண்களைத் தருகிறது; கூடவே ப்ரீஆம்ப் எவ்வளவு இறங்க வேண்டும் என்றும் சொல்கிறது. அருமையான தொடக்கம். ஆனால் அளந்தது செயற்கைக் காதில். உங்கள் காதின் வடிவம் வேறு, உங்கள் ஹெட்போனின் மெத்தை தேய்ந்திருக்கலாம். 10,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உச்ச ஒலிகள், ஹெட்போன் சற்று நகர்ந்தாலே மாறிவிடும். அங்கே சொல்லப்பட்ட பெரிய ஏற்றங்களைப் பாதியாக்கிக் கேட்டுப் பாருங்கள்.

இன்றிரவே தொடங்கலாம். முதலில் ப்ரீஆம்பை இறக்குங்கள். பிறகு ஈக்வலைசர், அடுத்து கிராஸ்ஃபீட், கடைசியில் ஒலி வரம்பைத் தாண்டாமல் காக்க லிமிட்டர். நன்றாகப் பழகிய மூன்று பாடல்களை மட்டும் ஒரு வாரம் இதே அமைப்பில் கேளுங்கள். எட்டாம் நாள் கிராஸ்ஃபீடை அணைத்துவிட்டு, குரல் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று கவனியுங்கள். அதுவரை கலந்துவந்த மறுபக்க ஒலி செய்துகொண்டிருந்த வேலை அப்போது தெரியும்.