பள்ளியில் சினிமா: கையெழுத்திடும் முன் கம்ப்யூட்டரில் தேடுங்கள்

"வரும் வெள்ளிக்கிழமை மாணவர்களுக்குத் திரைப்படம் காட்டப்பட உள்ளது. சம்மதம் எனில் கையெழுத்திட்டு அனுப்பவும்." இப்படி ஒரு சீட்டு பள்ளி டைரியில் ஒட்டப்பட்டு வருகிறது. படத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருப்போம், பார்த்திருக்க மாட்டோம். பார்த்திருந்தாலும் இரண்டாம் வகுப்புக் குழந்தையின் கண்ணால் பார்த்திருக்க மாட்டோம். "யு சர்டிபிகேட் படம்தானே" என்று கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறோம். வீட்டில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் இருந்தால், இருபது நிமிடங்களில் இதனைச் சரியாக முடிவு செய்திடலாம். எப்படி என்று பார்ப்போம்.

சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

நம் நாட்டில் 1952 ஆம் ஆண்டு திரைப்படச் சட்டத்தின்படி தணிக்கை வாரியம் சான்றிதழ் தருகிறது. முதலில் யு, ஏ என இரண்டு பிரிவுகளே இருந்தன. 1983ல் யு/ஏ மற்றும் எஸ் சேர்க்கப்பட்டன. யு/ஏ என்றால் 12 வயதிற்குட்பட்ட குழந்தைகள் பெற்றோர் வழிகாட்டுதலுடன் பார்க்கலாம் என்று பொருள். இந்தப் பிரிவு மிகவும் அகலமானது. லேசான பேய்ப் படமும் யு/ஏ. ரத்தம் தெறிக்கும் படமும் யு/ஏ. 2023ல் சட்டம் திருத்தப்பட்ட பின், யு/ஏ 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வெறும் யு/ஏ என்று மட்டும் உள்ள பழைய படங்களில், அது இந்த மூன்றில் எதற்குச் சமம் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

யு என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். யு என்றால் யாரும் பார்க்கத் தடையில்லை என்று மட்டுமே பொருள். குழந்தைகளுக்காக எடுக்கப்பட்டது என்று பொருளல்ல. தமிழ்ப் படங்களில் இன்னொரு காரணமும் உண்டு. 2011ல் தமிழக அரசு, கேளிக்கை வரிச் சலுகை பெற வேண்டும் எனில் படம் யு சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. சில காட்சிகளை வெட்டியாவது யு வாங்கத் தயாரிப்பாளர்கள் முயன்றதில் வியப்பில்லை. வரி மிச்சம் அல்லவா! எனவே 2017ல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முந்தைய அந்த ஆண்டுகளின் படங்களுக்கு, யு என்பதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

நெட்பிளிக்ஸ் போன்ற ஓ.டி.டி. தளங்களில் படத்தின் பெயருக்கு அருகே யு/ஏ 13+ என்பது போல ஒரு குறி இருக்கும். இது 2021ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்தத் தளமே தரும் குறியீடு. தணிக்கை வாரியம் தந்தது அல்ல. ஆனால் இங்கே ஒரு வசதி உள்ளது. வன்முறை, கெட்ட வார்த்தை, போதைப் பொருள் என என்ன காரணத்திற்காக அந்தக் குறி என்பதையும் காட்ட வேண்டும். படம் தொடங்கும்போது திரை ஓரத்தில் தோன்றும் அந்த வரியைப் படியுங்கள்.

காரணத்தைத் தேடும் வழி

பிரவுசரைத் திறந்து, தேடல் கட்டத்தில் படத்தின் பெயரையும் அது வெளியான ஆண்டையும், அடுத்து ஐ.எம்.டி.பி. என்பதையும் டைப் செய்து என்டர் தட்டவும். ஆண்டு முக்கியம். ஒரே பெயரில் இரண்டு மூன்று படங்கள் இருப்பது சகஜம். கிடைக்கும் பக்கத்தில் கதைச் சுருக்கம் உள்ள இடம் வரை கீழே செல்லவும். அங்கே "பேரன்ட்ஸ் கைட்" என்று ஒரு லிங்க் இருக்கும். அதில் கிளிக் செய்தால் பாலியல் காட்சிகள், வன்முறை, கெட்ட வார்த்தைகள், மது மற்றும் புகை, பயமுறுத்தும் காட்சிகள் என ஐந்து தலைப்புகள் கிடைக்கும். ஆங்கிலம் சிரமம் எனில், குரோம் பிரவுசரில் பக்கத்தின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, மொழிபெயர்ப்பதற்கான பிரிவைத் தேர்ந்தெடுத்துத் தமிழைக் கொடுக்கவும். தமிழ் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் விஷயம் புரியும்.

இதனை எழுதுபவர்கள் நம்மைப் போன்ற பார்வையாளர்களே. எனவே சிலர் மிகைப்படுத்துவார்கள். தமிழ்ப் படங்கள் பலவற்றிற்குப் பக்கம் காலியாகவே இருக்கும். ஆங்கிலப் படம் எனில் பிரிட்டன் நாட்டுத் தணிக்கை அமைப்பான பி.பி.எப்.சி.யின் தளத்தையும் பாருங்கள். ஒவ்வொரு படத்திற்கும் என்ன காட்சி, எவ்வளவு கடுமை என்று சுருக்கமாக எழுதியிருப்பார்கள். அவர்களின் யு, நான்கு வயதிலிருந்து பொருந்தும். பி.ஜி. என்றால் எட்டு வயதையொட்டிய குழந்தை கலங்காது என்று அர்த்தம். வயதைக் கணக்கிட்டுச் சொல்வதால் நமக்கு உதவியாக உள்ளது.

ஐந்து தலைப்புகளில் கடைசியான பயமுறுத்தும் காட்சிகளையே முதலில் படியுங்கள். பெற்றோர் பலரும் முத்தக் காட்சி உண்டா என்றுதான் முதலில் தேடுகிறார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அம்மா இறப்பதும், குழந்தை தொலைவதும்தான் அதன் தூக்கத்தைக் கெடுக்கும். 2003ல் வந்த "பைண்டிங் நீமோ" அமெரிக்காவில் எல்லா வயதினருக்குமான ஜி பிரிவில் உள்ள மீன் கார்ட்டூன். ஆனால் தொடக்கத்திலேயே தாய் மீனும், ஒன்றைத் தவிர எல்லா முட்டைகளும் பெரிய மீன் ஒன்றுக்கு இரையாகிவிடுகின்றன. 1990ல் மணிரத்னம் எடுத்த "அஞ்சலி" முழுக்கக் குழந்தைகள் நிறைந்த படம். முடிவில் அந்தச் சின்னக் குழந்தை இறந்துவிடுகிறது. இவை மோசமான படங்கள் அல்ல. எந்தக் குழந்தைக்கு, எந்த வயதில், யார் அருகில் இருக்கும்போது என்பதுதான் கேள்வி. அண்மையில் பாட்டியை இழந்த வீட்டுக் குழந்தையையும் மற்ற குழந்தைகளையும் ஒன்றாக எடைபோட முடியாது. இதை எந்தத் தணிக்கை வாரியமும் அறியாது, நமக்குத்தான் தெரியும்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022ல் சிறார் திரைப்பட விழா தொடங்கியபோது, 6 முதல் 9ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு முதலில் காட்டப்பட்டது சார்லி சாப்ளினின் "தி கிட்". 1921ல் வந்த மௌனப் படம். அருமையான தேர்வு. ஆனால் அதில் அதிகாரிகள் வந்து சிறுவனை வண்டியில் ஏற்றிப் பிரிக்கும்போது அவன் கைகளை நீட்டிக் கதறும் காட்சி உண்டு. ஆறாம் வகுப்பு மாணவன் கண்ணீருடன் ரசிப்பான். ஒன்றாம் வகுப்புக் குழந்தை அன்று இரவு அம்மாவை விட்டு நகராது.

சந்தேகமான காட்சியை மட்டும் பார்க்க

படத்தின் டிவிடி உங்களிடம் இருந்தால், இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. பிளேயரில் திறக்கவும். கண்ட்ரோல் + டி அழுத்தினால் சிறிய விண்டோ கிடைக்கும். எந்த நிமிடம் என்று கொடுத்தால் படம் நேராக அங்கே தாவும். நீங்கள் படித்த காட்சியைத் தேடிப் பார்த்து, அது வரும் நேரத்தை ஒரு காகிதத்தில் குறித்துக் கொள்ளுங்கள். கட்டாயம் ஒலியுடன் பார்க்கவும். குழந்தைகள் பாதி பயப்படுவது இசைக்குத்தான். டிரைலரை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அது டிக்கெட் விற்பதற்காகத் தயாரிக்கப்படுவது. யு டியூபில் தேடும்போது ஆட்டோ பிளே வசதியை நிறுத்திவிடுங்கள். ஒரு கார்ட்டூன் டிரைலர் முடிந்ததும் அடுத்து என்ன ஓடும் என்று சொல்ல முடியாது.

வீட்டில் ஓ.டி.டி. இருந்தால் இன்னொரு வேலையும் முடித்துவிடலாம். நெட்பிளிக்ஸ் தளத்தில் அக்கவுண்ட் பக்கம் சென்று, குழந்தையின் புரொபைலைத் தேர்ந்தெடுத்தால் வயது வரம்பை அமைக்கலாம்; வேண்டாத படத்தின் பெயரைக் கொடுத்து அதை மட்டும் மறைக்கவும் முடியும். பெரியவர்களின் புரொபைலுக்கு நான்கு இலக்க எண் பூட்டு போடவும். அந்த எண் குழந்தையின் பிறந்த ஆண்டாக இருக்க வேண்டாம். அதைத்தான் அவர்கள் முதலில் முயற்சி செய்வார்கள்!

இப்போது பள்ளிச் சீட்டுக்கு வருவோம். சரி, வேண்டாம் என்ற இரண்டு பதில்கள் மட்டும்தான் உண்டு என்று நினைக்க வேண்டாம். முப்பது குழந்தைகள் படம் பார்க்க, ஒரு குழந்தையை மட்டும் நூலகத்தில் உட்கார வைப்பதும் அதற்கு ஒரு தண்டனைதான். கையெழுத்தின் கீழே இரண்டு வரி எழுதுங்கள்: "நாற்பதாவது நிமிடத்தில் தாயைப் பிரியும் காட்சி வருகிறது. அப்போது என் மகளின் அருகில் இருக்க முடியுமா, அல்லது படத்தை நிறுத்திச் சற்றுப் பேச முடியுமா?" நேரத்துடன் எழுதினால் ஆசிரியரும் அதே இடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வார். படம் முடிந்து குழந்தை வீட்டிற்கு வந்ததும், கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எந்த இடத்தைச் சொல்லாமல் தாண்டுகிறது என்று கவனியுங்கள்.