மூன்று மொழியிலும் காற்று

ஈப்போவின் சிலிபினில் யாருக்காவது திடீரென வாய் கோணி, கை தொங்கிப்போனால், தமிழர் ‘வாதம் அடிச்சிருச்சு’ என்பார்கள், வாதமும் காற்றுதான். மலாய்க்காரர் ‘அங்கின் அஹ்மார்’ என்பார், சிவப்புக் காற்று. சீனர் சொல்லும் சொல்லுக்கும் காற்றுத் தாக்கியது என்றே பொருள். மூன்று மொழியும் காற்றின் மேல் பழி போடுகின்றன. அதனால்தான் காற்றை இறக்குகிறவரைத் தேடி ஓடுகிறோம்.

என் பெரியம்மா முப்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒரு காலையில் அவர் கையிலிருந்த தேநீர்க் குவளை நழுவியது. பக்கத்து வீட்டார் ஓடிவந்து கோடாலித் தைலம் தேய்த்து உருவிவிட்டார்கள். வாட்ஸ்ஆப்பில் படித்த ஒருவர் விரல் நுனிகளில் ஊசியால் குத்தினார். புறா ரத்தம் தேடி ஓர் ஆள் போனார். எல்லாம் அன்பினால் செய்தவை. மருத்துவமனைக்குப் புறப்படும்போது மாலையாகிவிட்டது.

தைலமும் ஊசியும் புறா ரத்தமும் எட்டாத இடத்தில் நடப்பது இந்தப் பக்கவாதம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான். மற்றவர்களுக்குக் குழாய் வெடித்து ரத்தம் கசிகிறது. பெரிய அடைப்பென்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.9 மில்லியன் நரம்பணுக்கள் மடிகின்றன. அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூங்கி எழுந்தபோதே கை விளங்கவில்லையென்றால், கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து கணக்கு. அந்த நேரத்தை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

‘ஆஸ்பிரின் கொடுத்தால் போதும்’ என்பதும் தவறு. அடைப்பா, கசிவா என்று சி.டி. ஸ்கேன்தான் சொல்லும், கசிவென்றால் அந்த மாத்திரை கேடு. தண்ணீரோ காப்பியோகூட வேண்டாம், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். ஒன்றில் கோளாறு தெரிந்தாலும் உடனே 999. ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனை ஈப்போவிலேயே இருக்கிறது.

‘பத்து நிமிஷத்துல சரியாயிருச்சு, சாமி காப்பாத்திருச்சு’ என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்களே, அதுதான் எனக்கு மிகவும் பயம். தானாக விலகிய அடைப்புக்குப் பின் பெரிய தாக்குதல் வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாளில்தான் மிக அதிகம். அன்றைக்கே போக வேண்டும்.

பக்கவாதம் முதியவர்களுக்கு மட்டும் வருவதில்லை, நாற்பதிலும் வருகிறது. ‘தலை சுத்தல, மருந்து எதுக்கு?’ என்பவர்களுக்கு: பக்கவாதத்துக்கு வழிவிடும் ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்கள் பத்துப் பேரில் மூவருக்கு அது இருந்தது. அதற்கு வழிவிடும் இன்னொன்றான இனிப்பு நீர் இந்தியரிடமே அதிகம்.

பெரியம்மாவுக்கு வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. ‘புத்தி பேதலிச்சிருச்சு’ என்று அவர் எதிரிலேயே பேசினார்கள். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் சொல் வராமல் போகலாம். புத்தி போனதாக அர்த்தமில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாதத்துக்குமேல் தேறாது என்பதும் பொய். பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ 1996இல் தொடங்கிய நாசாம் பக்கவாதச் சங்கத்துக்கு ஈப்போவிலும் மையம் உண்டு. பயிற்சிக்கு அங்கே போகலாம்.

இரண்டாம் வருடத் தைப்பூசத்தில் பெரியம்மாவைச் சக்கர நாற்காலியில் கல்லுமலை முருகன் கோயிலுக்கு அழைத்துப்போனோம். தண்ணீர் என்ற சொல்கூட வராதவர், கூட்டம் ‘வேல் வேல்’ என்றதும் ‘வெற்றிவேல்’ என்றார், தெளிவாக.