வைக்கோலும் கடதாசியும்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. “சிறிய நாடு, அதிலே ஓர் ஓரத்து ஊர், ஊரைச் சுற்றி வாவி; இங்கே இருந்துகொண்டு என்ன புதுத் தொழிலைச் செய்வது மாமா?” என்று கேட்டிருக்கிறாய். ஊக்கமாக இரண்டு வார்த்தை எழுதி உன்னைச் சமாதானப்படுத்திவிட எனக்கு மனம் வரவில்லை. நம்முடைய மட்டக்களப்பு மாவட்டத்திலேயே நடந்த ஒரு விஷயத்தை, அதன் பெருமையோடும் பிழையோடும் சேர்த்துச் சொல்வதே உனக்குப் பிரயோசனமாகும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மாரிப்போக வெள்ளாமை வெட்டி முடிந்தபின் வயலில் என்ன எஞ்சுகிறது என்று பார்த்திருப்பாய். மாடுகளை விட்டுச் சூடு மிதித்த காலத்தில் களத்தோரம் குவிந்து கிடந்த வைக்கோலை, இப்போது இயந்திரம் வயல் நெடுகச் சிந்திவிட்டுப் போகிறது. மாடு தின்றது போக மிச்சத்துக்குப் பல இடங்களில் நெருப்பு வைத்துவிடுகிறார்கள். நெல்லுக்கு மூட்டைக் கணக்கு வைத்திருக்கும் போடியாரும் வைக்கோலுக்குக் கணக்கு வைப்பதில்லை.

ஒருவரும் கணக்கில் எடுக்காத அந்த வைக்கோலைத்தான் வாழைச்சேனைக் கடதாசி ஆலை மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் வித்திடப்பட்ட அந்த ஆலை, 1956ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிற்று. வைக்கோலை வெட்டித் தூசு போக்கி, எரிசோடாவுடன் நீராவியிலே அவித்தால், நார்களை ஒட்டிவைத்திருக்கும் இலிக்னின் என்ற பொருள் கரைந்து, நார் மாத்திரம் கூழாகத் தனித்து நிற்கும்; அதைக் கழுவி, வெளுத்து, கம்பிச் சல்லடையில் பரப்பி, நீர் வடித்து, உருளைகளிடையே நசுக்கி உலர்த்தினால் கடதாசி. இவ்வேலைக்கு வேண்டிய எரிசோடாவும் வெளுப்பதற்கான குளோரீனும் எங்கே உண்டாகின என்று நினைக்கிறாய்? ஆனையிறவிலே வெயில் காய்ச்சிக் கொடுத்த உப்பிலிருந்து, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் மின்சாரத்தின் துணையோடு அவ்விரண்டும் பெறப்பட்டன. வடக்கின் உப்பும் கிழக்கின் வைக்கோலும் கூடினால் பள்ளிப் பிள்ளையின் கொப்பி ஆகலாம் என்று ஒருவர் மனத்திலே கண்டாரே, சிருஷ்டி என்பது அதுதான்.

இனிப் பிழையைச் சொல்கிறேன். வைக்கோல் நார் குட்டையானது. தாள் கிழியாதிருக்க நீண்ட மரநார்க் கூழையும் கலக்க வேண்டும், அது கப்பலில் வர வேண்டும். இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. அவித்தபின் எஞ்சும் கரிய நீரைக் காய்ச்சி எரித்துச் சோடாவை மீட்டெடுப்பது மரக்கூழ் ஆலைகளின் வழக்கம். நெல் வைக்கோலிலோ சிலிக்கா மிகுதியாக இருப்பதால், அது கொதிகலங்களிலே கல்லாகப் படிந்து, மீட்கும் வேலையைக் கெடுத்துவிடும். மீட்கப்படாத நீர் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? ஆலையின் கழிவுநீர் வாழைச்சேனை வாவியைச் சேர்ந்தது. வைக்கோலுக்குக் கணக்கு எழுதியவர்கள் கழிவுக்கு எழுதவில்லை. பின்னர் போர் வந்தது, பரந்தனும் ஓய்ந்தது, வாழைச்சேனை பழங்கடதாசியை நம்பி இழுபறிப்பட்டு, நின்று, மீண்டும் தொடங்க முயன்றது. 2022 மார்ச்சில், கடதாசி இறக்குமதிக்கு டொலர் இல்லாமல், மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அந்தப் பருவத்திலும் நம் வயல்களிலே வைக்கோல் கிடந்தது.

வாவிக்குக் கழிவு போவதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நமது மட்டக்களப்பு வாவியின் நீளம் 50 கிலோமீற்றருக்கும் மேல். அதற்குக் கடலோடு உள்ள தொடர்போ பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் உள்ள ஒடுங்கிய முகத்துவாரங்கள்தாம். கோடையிலே மணல் மேவி அவை அடைபட்டால், மாரி வெள்ளம் வந்து உடைக்கும்வரை, வாவியில் இட்டது வாவியிலேயே கிடக்கும். சிறிய நாடும் இப்படிப்பட்டதே. பெரிய தேசத்தார் தங்கள் குப்பையைக் கண்காணாத தூரத்துக்கு அனுப்பிவிட்டு மறந்திருக்கலாம். நமக்கு அப்படியொரு தூரம் இல்லை. நாம் கொட்டுவது நம்முடைய இறாலிலும் நண்டிலும் ஏறி நமது கோப்பைக்கே திரும்பிவரும்.

கழிவிலே பொருளைக் காணும் கண் புதியதன்று. கி.பி. 105இல் சீன தேசத்துச் சாய் லுன் மரப்பட்டையையும் கந்தையையும் பழைய மீன்வலையையும் இடித்துக் கடதாசி செய்தார் என்பது அவர்கள் வரலாறு. 1800இல் மத்தியாஸ் கூப்ஸ் என்பவர் இலண்டனில் வைக்கோற் கடதாசியிலேயே ஒரு நூலை அச்சிட்டார். சில ஆண்டுகளில் அவருடைய ஆலை கடனில் மூழ்கிற்று. கண் இருந்தும் கணக்கு இல்லாதவரின் கதி அது. நம் நாட்டிலேயே கேகாலையில் ‘மக்சிமஸ்’ என்ற சிறிய நிறுவனம் யானை இலத்தியிலிருந்து கடதாசி செய்து வெளிநாடுகளுக்கு விற்று, 2006இல் பி.பி.சி.யின் உலக சவால் போட்டியில் பரிசும் பெற்றது. அவர்கள் சாதாரணத் தாளோடு விலையிலே போட்டியிடவில்லை. யானையின் கதையையும் தாளோடு சேர்த்து விற்றார்கள். யானை வேளாண்மையை மிதித்து அழிக்கும் படுவான்கரையிலே பிறந்த நீ, இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

ஆகையால் மருமகனே, தொழில் தொடங்குமுன் கணக்குப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் மூன்று வரிகளை எழுது: மூலப்பொருள் யாருடையது, அவருக்கு என்ன விலை கொடுப்பாய்; தாளை வாங்குபவர் யார்; அவித்த நீர் எங்கே போகும். மூன்றாவது வரிக்கு விடை கிடைக்கும்வரை இரண்டாவது வரியின் இலாபத்தைப் பெருக்கிப் பார்க்காதே. பெரிய ஆலை வேண்டாம். ஒரு கிடாரமும் ஒரு சல்லடையும் போதும், அவித்த நீரையும் உன் கண் முன்னாலேயே வைத்துப் பார்க்கலாம்.

மாசியிலே வெட்டுத் தொடங்கிவிடும். லீவு எடுத்துக்கொண்டு வா. வயற்காரர் நெருப்பு வைக்குமுன் வந்து சேர்.

உன் அன்பு மாமா