பழுது பிறக்கும் இடம்

நுழையும்முன்

ஒரு கருவி இயங்கவில்லை என்றதும் ‘இது கெட்டுவிட்டது’ என்று முடிவு கட்டுவது எளிது. எந்த உறுப்பு கெட்டது, எந்த இடத்தில் கெட்டது, ஏன் கெட்டது என்று வினவுவது அரிது. முன்னது ஊகம், பின்னது ஆய்வு. உள்ளங்கை அளவே உள்ள மின்சுற்றுப் பலகை ஒன்றில் நேர்ந்த பழுதைத் தேடிச் செல்லும் வழியில், ஆராயும் அறிவு எவ்வாறு படிப்படியாகச் செயற்படுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கடைமடையும் தலைமடையும்

தேனி நகரை ஒட்டி அமைந்த பேரூர் பழனிசெட்டிபட்டி. முல்லைப் பெரியாறு அவ்வூர் வழியே பாய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறம் ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றின் நீர், பென்னிகுயிக் தலைமையில் 1895ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அணையில் தேக்கப்பட்டு, மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் தோட்டங்களும் அந்நீரால் தழைக்கின்றன.

கடைமடை வயலுக்கு நீர் வந்து சேரவில்லை எனில், பட்டறிவுடைய உழவர் அவ்வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. வாய்க்கால் கரையோடு மேலேறி நடக்கிறார். வழியில் நடுமடை ஒன்றில் நின்று பார்க்கிறார். அங்கே நீர் ஓடினால் அடைப்பு அதற்குக் கீழே உள்ளது. ஓடாவிட்டால் அதற்கு மேலே உள்ளது. ஒரே பார்வையில் பாதி வாய்க்கால் ஐயத்திலிருந்து நீங்கிவிடுகிறது. எஞ்சிய பாதியையும் இவ்வாறே பகுத்துப் பார்த்தால் அடைப்பு இருக்கும் இடம் விரைவில் புலப்படும்.

மின்னணுவியலில் பழுது காணும் முறையும் இதுவே. வாய்க்காலில் நீர் செல்கிறது; மின்சுற்றில் மின்குறிப்புகள் செல்கின்றன. வேறுபாடு அவ்வளவே.

ஒரு பலகையின் வரலாறு

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. திராட்சைக் கொடிக்கு நீர் குறைந்தாலும் தீங்கு. வேரில் நீர் தேங்கினாலும் தீங்கு. மண்ணின் ஈரத்தை அளந்து அறிவிக்கும் கருவி ஒன்று இருந்தால், எப்போது நீர் பாய்ச்சுவது என்று முடிவெடுக்க அது துணைபுரியும். அத்தகைய கருவியை மேல்நிலை வகுப்பு மாணவர் குழு ஒன்று தானே வடிவமைக்கிறது எனக் கொள்வோம்.

மண்ணில் ஊன்றிய உணரி ஈரத்தை மின்னழுத்தமாக மாற்றித் தருகிறது. ஏடிமெகா 328பி என்னும் நுண்கட்டுப்படுத்தி அதனை எண்ணாக மாற்றுகிறது. எச்.சி-05 என்னும் புளூடூத் கருவி அவ்வெண்ணை வானலையில் அனுப்புகிறது. வரப்பில் நிற்பவரின் திறன்பேசி அதனைப் பெற்றுத் திரையில் காட்டுகிறது. ஏறத்தாழ 10 மீட்டர் தொலைவுக்குள் இத்தொடர்பு நிகழும். இணைய வசதி தேவையில்லை.

மாணவர்கள் முதலில் இதனைக் கடையில் கிடைக்கும் ஆயத்தப் பலகையான அர்டுயினோ ஊனோவில் இணைத்துச் சோதித்தனர், செம்மையாக இயங்கியது. பின்னர்ச் செலவையும் அளவையும் குறைக்கும் நோக்கில், செம்புத் தகடு பதித்த பலகையில் தாமே மின்பாதைகளை வரைந்து, புதிதாக வாங்கிய நுண்கட்டுப்படுத்தியைப் பற்றாசு வைத்துப் பொருத்தி, அதே நிரலை அதில் ஏற்றினர். இப்போது திறன்பேசி புளூடூத்துடன் இணைகிறது. ஆயினும் ஈர அளவு வரவேண்டிய இடத்தில் பொருளற்ற குறிகளே வருகின்றன.

அறிகுறியைப் படித்தல்

இந்நிலையில் மூன்று ஊகங்கள் எழுவது இயல்பு. ‘புளூடூத் கருவி கெட்டுவிட்டது; புதிது வாங்கலாம்’ என்பது ஒன்று. ‘திறன்பேசியிலுள்ள செயலி சரியில்லை, மாற்றலாம்’ என்பது மற்றொன்று. ‘நிரலைத் திருத்தி எழுதலாம்’ என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே வேளையில் செய்துவிட வேண்டும் என்ற பதற்றமும் உடன் எழும். அவ்வாறு செய்து கருவி தற்செயலாக இயங்கினாலும் எந்த மாற்றத்தால் இயங்கியது என்பது தெரியாது. இயங்காவிட்டால் பழைய பழுதோடு புதிய பழுதும் சேர்ந்திருக்கக்கூடும். எனவே, ஒரு வேளையில் ஒரு மாற்றம் என்பதே பழுதாய்வின் முதல் நெறி.

மாற்றத்திற்கு முன் அறிகுறியைக் கூர்ந்து படிக்க வேண்டும். திறன்பேசியின் பட்டியலில் புளூடூத் கருவியின் பெயரே தோன்றாவிடில், முதலில் ஐயுற வேண்டியது மின்வழங்கலை. அருகில் இணைந்து, சில அடி விலகியதும் தொடர்பு அறுந்தால், ஆண்டெனாவைச் சூழ்ந்துள்ள செம்புப் பரப்பையும் உலோகப் பொருள்களையும் ஐயுறலாம். ஆண்டெனாவின் அடியில் செம்பு இருத்தல் ஆகாது. இணைப்பு நிலையாக இருந்தும் வருவன பொருளற்ற குறிகளாயின், அனுப்புவதும் பெறுவதும் ஒரே வேகத்தில் நிகழ்கின்றனவா என்று வினவ வேண்டும். அறிகுறி விடையைத் தருவதில்லை. தேட வேண்டிய திசையைத் தருகிறது.

தெரிந்து தெளிவோம்

டென்மார்க்கை 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹரால்டு என்னும் அரசரின் பட்டப்பெயர் ‘புளூடூத்’. பிரிந்திருந்த மக்களை ஒன்றிணைத்தவர் என்று போற்றப்படும் அவருடைய பெயர், வெவ்வேறு கருவிகளை ஒன்றிணைக்கும் இத்தொழில்நுட்பத்திற்குச் சூட்டப்பட்டது. இதன் தர வரையறைகளை வகுக்கும் கூட்டமைப்பு 1998ஆம் ஆண்டு உருவானது. தொடக்ககால முறையிலான புளூடூத், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உள்ள 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை தாவித் தாவித் தகவலை அனுப்புகிறது.

நடுமடையில் நின்று பார்த்தல்

உணரி, நுண்கட்டுப்படுத்தி, புளூடூத் கருவி, வானலை, திறன்பேசி என்று நீளும் இப்பாதையின் நடுமடை எது? புளூடூத் கருவியே. அதனைப் பலகையிலிருந்து கழற்றி, தனியே மின்சாரம் தந்து, அதன் அனுப்புமுனையையும் பெறுமுனையையும் ஒரு சிறு கம்பியால் இணைக்க வேண்டும். இப்போது திறன்பேசியிலிருந்து ‘வணக்கம்’ என்று அனுப்பினால், அது வானலை வழியே கருவிக்குள் சென்று, ஒரு முனையில் வெளியேறி, மறுமுனையில் நுழைந்து, மீண்டும் திறன்பேசிக்கே திரும்ப வேண்டும்.

சோதனையில் அச்சொல் பிழையின்றித் திரும்பி வந்தது. ஒரு துண்டுக் கம்பியால் ஆன இச்சோதனை, திறன்பேசியும் செயலியும் வானலைத் தொடர்பும் புளூடூத் கருவியும் குற்றமற்றவை என்று காட்டிவிட்டது. புதிய கருவி வாங்கியிருந்தால் அதிலும் அதே பொருளற்ற குறிகள் வந்திருக்கும். நல்ல நிலையிலுள்ள இரண்டு கருவிகள் கழிவாக ஒதுக்கப்பட்டிருக்கும்.

பலகையில் கேட்க வேண்டியவை

எஞ்சியது மாணவர்கள் தாமே செய்த பலகை. அதில் நான்கு வினாக்களுக்கு அளந்து விடை காண வேண்டும்.

முதல் வினா, மின்னழுத்தம் போதுமானதா என்பது. கருவி இயங்கிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரால் இதனை அளக்க வேண்டும். ஓய்வில் சரியான அளவு காட்டும் மின்கலமும் சுமை ஏறியதும் தளர்ந்துவிடக்கூடும்.

இரண்டாவது, நுண்கட்டுப்படுத்தியும் புளூடூத் கருவியும் ஒரே தரைமுனையைக் கொண்டுள்ளனவா என்பது. உயரத்தை அளக்க இருவருக்கும் பொதுவான தரை வேண்டும்; மின்னழுத்தத்திற்கும் அப்படியே.

மூன்றாவது, இணைப்பு மாறி அமைந்துள்ளதா என்பது. ஒன்றின் அனுப்புமுனை மற்றதன் பெறுமுனையோடு இணைய வேண்டும். ஒருவர் வாய் மற்றவர் செவியை நோக்க வேண்டுமே அன்றி, வாயும் வாயும் எதிர்நின்று பயனில்லை.

நான்காவது, மின்குறிப்பின் அளவு பொருந்துகிறதா என்பது. நுண்கட்டுப்படுத்தி 5 வோல்ட் அளவில் பேசுகிறது, எச்.சி-05 கருவியின் பெறுமுனை 3.3 வோல்ட் அளவுக்கே உரியது. 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்து, 2 கிலோ ஓம் மின்தடையின் குறுக்கே எடுத்தால் 5 வோல்ட் ஏறத்தாழ 3.33 வோல்ட்டாகக் குறையும்.

முதல் மூன்று வினாக்களுக்கும் விடை சரியாகவே இருந்தது. நான்காவதில் ஒரு குறை தென்பட்டது: மின்தடைகள் இடப்படவில்லை. மாணவர்கள் அதனைத் திருத்தினர். ஆயினும் பொருளற்ற குறிகள் நிற்கவில்லை. ஆகவே, கண்டது குறைதான். ஆனால் தேடிய பழுது அதுவன்று. அது பின்னாளில் கருவியைக் கெடுக்கக்கூடிய குறை. ஒரு குறையைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடாமல், அக்குறை அறிகுறியை முழுமையாக விளக்குகிறதா என்று சரிபார்ப்பது ஆய்வின் கடமை.

துடிப்பு தவறிய கடிகாரம்

அறிகுறி முன்பே வேகத்தைச் சுட்டியது. அனுப்புவதற்கும் பெறுவதற்கும் நொடிக்கு 9600 பிட் என்னும் வேகம் குறிக்கப்பட்டிருந்தது. அவ்வேகத்தில் ஒரு பிட் நீடிக்கும் காலம் ஏறத்தாழ 104 மைக்ரோ நொடி. நுண்கட்டுப்படுத்தி இக்காலத்தைத் தன் கடிகாரத் துடிப்புகளை எண்ணியே கணிக்கிறது. அக்கடிகாரம் சரியாகத் துடிக்கிறதா?

இதனை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஒரு சிறுவிளக்கு ஒரு நொடி எரிந்து, ஒரு நொடி அணையுமாறு நிரல் எழுதி ஏற்றினாலே போதும். மாணவர்கள் அவ்வாறே செய்து, கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டனர். விளக்கு 16 நொடி எரிந்தது. 16 நொடி அணைந்தது.

பழுதின் பிறப்பிடம் புலப்பட்டுவிட்டது. ஆயத்தப் பலகையிலுள்ள நுண்கட்டுப்படுத்தி, வெளியிலிருந்து வரும் 16 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைப் பின்பற்றுமாறு முன்னரே அமைக்கப்பட்டது. புதிதாக வாங்கிய ஏடிமெகா 328பி அப்படிப்பட்டதன்று. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது தன் உட்கடிகாரத்தின் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸில் இயங்குமாறு அமைந்திருக்கும். பலகையில் படிகத்தைப் பற்றாசு வைத்துவிட்டதாலேயே நுண்கட்டுப்படுத்தி அதனைப் பின்பற்றிவிடாது. பின்பற்றுமாறு அதன் ஃபியூஸ் பிட் என்னும் உள்ளமைப்பை மாற்ற வேண்டும். நொடிக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்புகள் உண்டு என்று கருதி எழுதப்பட்ட நிரல், 10 இலட்சம் துடிப்புகளே உள்ள இடத்தில் ஓடியது. எனவே 9600 பிட் என்பது 600 பிட்டாகக் குறைந்தது. ஒரு பிட் அனுப்பப்படும் நேரத்தில் புளூடூத் கருவி 16 பிட்டுகளைப் படிக்க முயன்றது. வந்தவை எல்லாம் பொருளற்ற குறிகளானதில் வியப்பில்லை.

படிகமும் அதன் இருபுறமும் இடவேண்டிய 22 பிக்கோஃபாரட் மின்தேக்கிகளும் முறையாகப் பொருந்தியுள்ளனவா என்று முதலில் உறுதி செய்தனர். படிகம் சரிவர இயங்காத நிலையில் உள்ளமைப்பை மாற்றினால் நுண்கட்டுப்படுத்தி துடிப்பின்றி முடங்கும். மீண்டும் நிரல் ஏற்றவும் இயலாது. பின்னர் உள்ளமைப்பை மாற்றினர். விளக்கு ஒரு நொடி எரிந்து, ஒரு நொடி அணைந்தது. திறன்பேசித் திரையில் மண்ணின் ஈர அளவு தெளிவாகத் தோன்றியது. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. புளூடூத் கருவியும் மாறவில்லை.

நீங்குதலும் அறிதலும்

பழுது வெளிப்படும் இடம் வேறு. பழுது பிறக்கும் இடம் வேறு. திரையில் குறிகள் சிதைந்தபோது குற்றம் சாட்டப்பட்டது புளூடூத் கருவி. தவறியதோ, ஓசையின்றித் துடிக்கும் கடிகாரம். கடைமடை வறண்டதற்குக் கடைமடை காரணம் அன்று.

பழுது நீங்குதல் வேறு. பழுதை அறிதல் வேறு என்பதும் இதனால் விளங்கும். காரணம் அறியாமல் நீங்கிய பழுது, மீண்டும் வரும். தோட்டத்தில் நிறுத்திய கருவி பிழையான அளவைச் சரியானது போலவே காட்டினால், அதனை நம்பி நீர் பாய்ச்சியவரின் விளைச்சல் கெடும். பேசாத கருவியைவிடப் பொய் பேசும் கருவி தீங்கானது. ஆகவே, கருவியைச் செய்பவர் அதன் பழுதையும் அறிந்திருத்தல், அதனைப் பயன்படுத்துபவருக்குச் செய்யும் கடமையாகும்.

அறிந்ததை எழுதி வைத்தல் அக்கடமையின் இறுதிப்படி. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், மார்க் 2 என்னும் கணினியில் நேர்ந்த பழுதைத் தேடியோர், அதன் மின்தொடர்பி ஒன்றில் சிக்கியிருந்த விட்டில் பூச்சியைக் கண்டனர். அவர்கள் அதனை எறிந்துவிடவில்லை. பணிக்குறிப்பேட்டில் ஒட்டி, கண்ட செய்தியையும் எழுதி வைத்தனர். பழுதைப் பூச்சி என்னும் சொல்லால் குறிக்கும் ஆங்கில வழக்கு அதற்கு முன்பே இருந்தது. ஆயினும் அந்தக் குறிப்பேடு இன்றும் அருங்காட்சியகத்தில் போற்றப்படுகிறது. அறிகுறி, சோதனை, விளைவு, முடிவு என்று நான்கு வரிகளில் மாணவர் எழுதும் குறிப்பும், அடுத்த ஆண்டு அதே பலகையைச் செய்யவிருக்கும் மற்றொரு மாணவருக்கு வழிகாட்டியாகும்.

வாய்க்கால் கரையில் நடக்கும் உழவரும், பலகையின் மின்பாதையைத் தொடரும் மாணவரும் கைக்கொள்ளும் நெறி ஒன்றே: பழிக்கும் முன் பார், மாற்றும் முன் அள, முடிவு கட்டும் முன் மீண்டும் ஒருமுறை சோதி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் அல்லது பள்ளியில் இயங்காத கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது செயற்படும் பாதையைப் படமாக வரைந்து, ‘நடுமடை’ எது என்பதைக் குறிக்க.

2. மின்தடைக் குறையைத் திருத்திய பின்னும் மாணவர்கள் தேடலைத் தொடர்ந்தது ஏன் என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘பேசாத கருவியைவிடப் பொய் பேசும் கருவி தீங்கானது’ – இக்கூற்றை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.